சரோ ஏன் இன்னும் அங்கேயே இருக்கா?

வெள்ளக்கடையில் டிவி சீரியலுக்கு நாடகம் என்றுதான் பெயர். "நாடகம் போட்டுட்டானா?" என்று கேட்டுக்கொண்டே அடுப்பைத் தணிப்பார்கள். அந்த நாடகத்தை எங்கள் ஊர்ப் பெண்கள் இரண்டு தடவை பார்ப்பார்கள். முதல் தடவை டிவியில். இரண்டாவது தடவை மறுநாள் காலையில், காபித் தோட்டத்தில்.

ஏற்காடு என்றதும் பலருக்கு ஏரியும் படகும் மே மாத மலர்க் கண்காட்சியும் ஞாபகம் வரும். அதையெல்லாம் தாண்டி சேர்வராயன் மலைக்குள் இருக்கிற ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. காபிச் செடி, அதற்கு நிழலாக சில்வர் ஓக் மரம், அந்த மரத்தில் ஏறும் மிளகுக் கொடி. நவம்பரில் காபிப் பழம் சிவக்க ஆரம்பித்தால் பொங்கல் தாண்டியும் பறிப்பு நடக்கும். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஆளுக்கொரு செடியாக நிற்பார்கள். கைக்குத்தான் வேலை. வாய் சும்மாதானே இருக்கிறது?

காற்றும் மழையும் கொஞ்சம் பலமாக அடித்தால் மலையில் கரண்ட் போய்விடும். அதனால் தோட்டத்தில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. நேற்று ராத்திரி யார் வீட்டுப் பக்கம் கரண்ட் இருந்ததோ, அவர்தான் கதை சொல்ல வேண்டும். சொல்கிறவர் சுருக்கமாகச் சொன்னால் விடமாட்டார்கள். "அவ என்ன சொன்னா? அதுக்கு இவ மூஞ்சி எப்படிப் போச்சு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள்.

மதிய நாடகத்துக்கு வேறு ஏற்பாடு. பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவதால், வீட்டில் இருக்கும் பாட்டிதான் பார்த்து வைக்க வேண்டும். 2014 முதல் 2022 வரை சன் டிவியில் 2,300 பகுதிகளுக்கு மேல் ஓடியது 'சந்திரலேகா'. எங்கள் பாட்டி அதில் பெரும்பாலானவற்றை அம்மாவுக்கு வாயாலேயே காட்டியிருக்கிறார். அம்மா சாயங்காலம் வந்து கால் கழுவிக்கொண்டிருக்கும்போதே திண்ணையிலிருந்து கதை ஆரம்பித்துவிடும்.

"ஒரே விஷயத்தை ஒரு வாரம் இழுக்கிறார்கள்" என்பது சீரியல் பார்க்காதவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை. உண்மைதான், இழுப்பார்கள். ஒருவர் கதவைத் திறந்து உள்ளே வந்தால் கூடத்தில் இருக்கும் ஏழு பேர் முகத்தையும் கேமரா தனித்தனியாகப் பார்த்துவிட்டு வரும். பின்னணியில் இடி மாதிரி ஒரு சத்தம். நல்லவள் வந்தால் ஒரு இசை, கெட்டவள் வந்தால் ஒரு இசை. நேற்று நடந்ததை இன்று ஒருத்தி இன்னொருத்தியிடம் முழுதாகச் சொல்லுவாள். பேசுகிறபோது பேரைச் சொல்லிச் சொல்லித்தான் பேசுவார்கள்.

எங்கள் வீட்டு அடுப்படியில் நின்று பார்த்தால் இதற்கெல்லாம் காரணம் புரியும். அம்மா டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சோறு வடிப்பார். அந்த இசையைக் கேட்டாலே உள்ளே வந்தது யார் என்று தெரிந்துவிடும். பேரைச் சொல்லிப் பேசுவதால் யாரிடம் பேசுகிறார்கள் என்று திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. நேற்று கரண்ட் போயிருந்தால் இன்றைக்கு அதையே ஒருத்தி சொல்லிவிடுவாள். வேலை செய்துகொண்டே காதால் பார்க்கிறவர்களுக்காகப் பழகிய கதை இது.

பழகிய இடம் ரேடியோ. 1930களில் அமெரிக்காவில் பகல் நேரத்தில், வீட்டில் துவைத்துக்கொண்டும் இஸ்திரி போட்டுக்கொண்டும் இருந்த பெண்களுக்காக ரேடியோவில் தினசரி நாடகங்கள் வந்தன. பணம் போட்டவர்களில் சோப்பு கம்பெனிகள் அதிகம். அதனால்தான் 'சோப் ஓபரா' என்று பெயர். இர்னா ஃபிலிப்ஸ் என்ற பெண்மணி அதில் பெரிய கை. அவர் உருவாக்கிய 'கைடிங் லைட்' 1937-ல் ரேடியோவில் ஆரம்பித்து, 1952-ல் டிவிக்கு வந்து, 2009-ல்தான் முடிந்தது. 72 வருஷம்! நம் சீரியல்கள் எவ்வளவோ தேவலை.

நம் ஊரில் பத்திரிகைத் தொடர்கதை இதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வன்' வந்தபோது அடுத்த இதழுக்காகக் காத்திருந்தவர்கள் வாரம் முழுவதும் அதையே பேசினார்கள். 'தொடரும்' என்ற சொல்லுக்குப் பிறகு அடுத்த வாரம் வரைக்கும் கதை வாசகர்கள் கையில் இருந்தது. சீரியலில் அந்த இடைவெளி ஒரு நாள். அப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை என்றால் மூன்று நாள். நாங்கள் வெள்ளிக்கிழமை நாடகத்தை மட்டும் எப்படியாவது பார்த்துவிடுவோம். அன்றைக்குப் போடுகிற முடிச்சை வைத்துத்தான் சனிக்கிழமைப் பறிப்பு ஓட வேண்டும்.

திடீரென்று ஒரு நாள் "இனி அவருக்குப் பதில் இவர்" என்று எழுத்துப் போட்டு நடிகரையே மாற்றிவிடுவார்கள். தோட்டத்தில் அதற்கு ஒரு நாள் துக்கம். மறுநாள் புது ஆளையும் அதே பேரில் திட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

எங்கள் தோட்டத்தில் அதிகமாக அலசப்பட்ட நாடகம் 'மெட்டி ஒலி'. 2002-லிருந்து 2005 வரை 800 பகுதிகளுக்கு மேல் சன் டிவியில் வந்தது. இயக்கம் திருமுருகன். மனைவியை இழந்த சிதம்பரம், அவருடைய ஐந்து பெண்கள், அவர்களுடைய புகுந்த வீடுகள். இவ்வளவுதான் கதை. சிதம்பரமாக டெல்லி குமார் நடித்தார். மகள்களில் சரோ வாழ்க்கைப்பட்ட வீட்டில் மாமியார் ராஜம். சாந்தி வில்லியம்ஸ் அந்த வேஷத்தில் வந்தால் எங்கள் ஊரில் டிவியைப் பார்த்தே சாபம் விடுவார்கள். அம்மா பேச்சைத் தட்டாத மாணிக்கமாக சேத்தன்.

அப்போது எங்கள் வரிசையில் டிவி இருந்தது ஒரே வீட்டில்தான். அரசாங்கம் கொடுத்த 14 அங்குல கலர் டிவி வந்ததெல்லாம் பிறகு. அந்த ஒரு வீட்டு வாசலில் இருபது பேர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து பார்ப்போம். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். சனிக்கிழமையும் லீவு நாளும் அம்மாவோடு தோட்டத்துக்குப் போவேன், கீழே சிந்திய பழம் பொறுக்க.

எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி ஒரு அக்கா கல்யாணமாகி வந்திருந்தார். அவர் ஊர் மலைக்குக் கீழே. ஒன்றரை வயதில் ஒரு பையன். அவர் மாமியாரும் எங்களோடு பழம் பறிக்க வருவார். தோட்டத்தில் 'மெட்டி ஒலி' பேச்சு வந்தாலே அந்த மாமியார் குரலை உயர்த்திச் சொல்வார்: "பாரு, சரோ எவ்வளவு பொறுத்துப் போறா. அவதான் பொண்ணு." அந்த அக்கா குனிந்து பறித்துக்கொண்டிருப்பார். அவர் வீட்டில் ராத்திரி என்ன நடக்கிறது என்பது சுவர் ஒட்டி இருந்த எல்லோருக்கும் தெரியும். நேருக்கு நேர் கேட்க யாருக்கும் வாய் வராது. அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிடுவது பெரிய குற்றம்.

ஒரு நாள் அந்த மாமியார் வேலைக்கு வரவில்லை. முந்தின இரவு ராஜம் வீட்டில் பெரிய சண்டை நடந்திருந்தது. கதை சொல்லி முடித்ததும் ஒரு பெரியம்மா செடிக்குள்ளிருந்து கேட்டார்: "சரோ ஏன் இன்னும் அங்கேயே இருக்கா?"

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் அந்த அக்கா, நாங்கள் அதுவரை கேட்டிராத குரலில் சொன்னார்: "எங்க போவா? அவங்கப்பாவுக்கு இன்னும் பொண்ணுங்க இருக்கே. இவ திரும்பிப் போய் உக்காந்தா மத்ததுங்களுக்கு எப்படிக் கல்யாணம் ஆகும்?"

கொஞ்ச நேரம் பழம் கூடையில் விழுகிற சத்தம் மட்டும்தான். அந்த அக்காவுக்குக் கீழே இரண்டு தங்கைகள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "சிதம்பரம் தனி ஆளா அஞ்சு பேருக்குச் சோறு போட்ட மனுசன். ஒருத்தி திரும்பி வந்தா ஒரு தட்டு சேர்த்து வெக்க மாட்டாரா? அவர்கிட்ட யாராவது போய்ச் சொன்னாத்தானே அவருக்குத் தெரியும்."

அதற்கு மேல் யாரும் பேசவில்லை. இரண்டு வாரம் கழித்து அந்த அக்கா பையனைத் தூக்கிக்கொண்டு காலை பஸ்ஸில் கீழே இறங்கிப் போனார். பஸ் ஸ்டாப் வரை கூடவே போனது அம்மாவும் அந்தப் பெரியம்மாவும். அவர் அப்பா ஒரு தட்டு சேர்த்து வைத்தார். ஆறு மாதம் கழித்து வீட்டுக்காரர் போய்ப் பேசி, சேலத்தில் தனிக்குடித்தனம் வைத்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கைநீட்டுவது நின்றது என்று அந்த அக்காவே பிற்பாடு சொன்னார்.

அதே சரோவை வைத்துத்தான் அந்த மாமியார் 'பொறுத்துப் போ' என்றார். அதே சரோவை வைத்துத்தான் அந்தப் பெரியம்மா 'ஏன் பொறுக்கணும்?' என்று கேட்டார். இது எங்கள் மலையில் மட்டும் நடந்ததல்ல. 1984-85-ல் தூர்தர்ஷனில் 'ஹம் லோக்' என்ற இந்தித் தொடர் வந்தது. மெக்சிகோ தொடர்களைப் பார்த்து, மக்களுக்கு நல்லது சொல்வதற்காகவே எடுத்த தொடர். ஒவ்வொரு பகுதி முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து பார்க்கிறவர்களோடு பேசுவார். அதில் பாக்வந்தி என்று ஒரு மனைவி. எல்லாவற்றையும் சகித்துக்கொண்டு போனால் பெண்ணின் கதி என்ன ஆகும் என்று காட்ட வைத்த பாத்திரம். ஆனால் பார்த்தவர்களில் பலர் அவளையே நல்ல மனைவிக்கு உதாரணமாக எடுத்துக்கொண்டார்கள் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். டிவியில் அசோக் குமாரே வந்து விளக்கம் சொன்னாலும், வீட்டுக்கு வீடு தீர்ப்பு வேறாகத்தான் இருந்திருக்கிறது.

அதனால்தான் கூடிப் பேசுவது முக்கியம் என்று நினைக்கிறேன். சீரியல்கள் பெண்ணை அழவைத்தே காசு பார்க்கின்றன என்ற குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. ஒருத்தி தனியாக உட்கார்ந்து சரோவைப் பார்த்தால் அவளோடு சேர்ந்து அழுதுவிட்டுப் படுத்துவிடலாம். பத்து பேர் நடுவில் பேசும்போது அழுகையோடு முடியாது. யாராவது ஒருத்தி "ஏன்?" என்று கேட்டுவிடுவாள்.

'கோலங்கள்' வந்தபோது எங்கள் தோட்டமே இரண்டாகப் பிரிந்தது. 2003 முதல் 2009 வரை, 1,500 பகுதிகளுக்கு மேல். தேவயானி நடித்த அபி, கணவன் பாஸ்கரை விட்டுப் பிரிந்து, கட்டடத் தொழிலில் சொந்தக் காலில் நிற்பவள். அவளுக்குத் துணையாக நிற்கும் நண்பன் தொல்காப்பியனாக, தொடரை இயக்கிய திருச்செல்வமே நடித்தார். அபி அவனைக் கட்டிக்கொள்ளலாமா என்பது எங்கள் ஊரில் வருஷக் கணக்கில் ஓடிய வழக்கு. "கூட்டாளியாவே இருந்துட்டுப் போகட்டுமே, எல்லாத்தையும் கல்யாணத்துல கொண்டு போய் முடிக்கணுமா?" என்று ஒரு நாள் கேட்டது எங்கள் பாட்டி! புருஷன் இறந்து நாற்பது வருஷம் தனியாக இருந்தவர். அவர் மனசில் என்ன இருந்தது என்பதை நாங்கள் தெரிந்துகொண்டது அபியால்தான்.

2020-ல் ஊரடங்கு வந்து புதுப் படப்பிடிப்பெல்லாம் நின்றபோது, சன் டிவி 'மெட்டி ஒலி'யை மறுபடி போட்டது. நான் சேலத்தில், அம்மா மலையில். பஸ் இல்லை. அம்மா தினமும் போன் பண்ணி சரோ கதையை எனக்குச் சொல்வார். எனக்கும் தெரிந்த கதைதான். இருந்தாலும் "அப்புறம்?" என்று கேட்டுக்கொள்வேன். ஒரு நாள் அந்த அக்காவையும் லைனில் சேர்த்துவிட்டேன். ராஜத்தை மூன்று பேரும் சேர்ந்து திட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. பழைய கதையைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

இப்போது ஊரில் வீட்டுக்கு மூன்று போன். மருமகள் ஒரு பக்கம் காதில் மாட்டிக்கொண்டு பார்க்கிறாள், மாமியார் ஒரு பக்கம். யாரும் எதையும் தவறவிடுவதில்லை. அதனால் யாரும் யாரிடமும் "நேத்து என்ன ஆச்சு?" என்று கேட்பதுமில்லை. கரண்ட் போன காலத்தை யாரும் திரும்பக் கேட்கப் போவதில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அந்த ஒரு கேள்விக்கு கரண்ட் போக வேண்டியதில்லையே. நம் வீட்டில் நாடகம் பார்க்கிறவரிடம் "இன்னிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுப் பார்க்கலாம். பதிலில் வருவது டிவி கதையாக மட்டும் இருக்காது.

போன மாதம் அம்மா போனில், இப்போது பார்க்கிற ஒரு மதிய நாடகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்தப் பெரியம்மாவுக்கு முட்டி வலி கண்ணு. படி எறங்க முடியல. பாவம், மகளுக்கு வேலை இருக்குமேன்னு யார்கிட்டயும் சொல்லாம இருக்கு."

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன, தொடரும்னு போட்டுட்டான்."

அன்று ராத்திரி அந்தப் பகுதியைப் போனில் தேடி எடுத்து, முதலிலிருந்து கடைசி வரை பார்த்தேன். பெரியம்மா இருந்தார். நன்றாகத்தான் நடந்தார். முட்டி வலியைப் பற்றி ஒரு வசனமும் இல்லை.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு, காலை பஸ்ஸில் மலை ஏறினேன்.