வந்தியத்தேவன் போன காடு
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்)

விடுதியில் என் அறைத் தோழனுக்குக் கணினி விளையாட்டென்றால் உயிர். விளையாடுவதற்கு வேண்டிய கருவி எங்கள் இருவரிடமும் கிடையாது. யாரோ விளையாடுவதைக் கைபேசியில் பார்த்தே பசியாறிக் கொள்வான். 2017-இல் வெளிவந்த ‘அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி’ என்னும் ஆட்டத்தை ஒருநாள் எனக்கும் காட்டினான். மேற்குத் தொடர்ச்சி மலையின் காடு. அதற்குள் மறைந்து கிடக்கும் ஹொய்சாளர் நகரம்.

“எல்லாம் கற்பனைடா!” என்றான்.

நகரம் கற்பனைதான். ஆனால் பேலூரும் ஹளேபீடும் இன்றும் கல்லில் நிற்கவில்லையா? அமெரிக்காவில் உட்கார்ந்து ஆட்டம் செய்தவர்களுக்கும் கால் ஊன்ற ஒரு மெய்யான மண் வேண்டியிருந்திருக்கிறது. அப்படிச் சொன்னதும் அவன் கேட்டான்: “நம்ம பக்கத்துக் காட்டை வைத்து யாராவது அப்படிக் கதை பண்ணியிருக்கிறார்களா?”

கோடிக்கரை என்றேன். வேதாரண்யத்திற்குத் தெற்கே, பழைய தஞ்சை மாவட்டத்தின் கடைக்கோடி. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்கு அந்த ஊரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வைத்தியர் மகனோடு மூலிகை பறிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு வந்தியத்தேவன் அங்கே போகிறான். பூங்குழலியைத் துரத்திப் போய்ச் சேற்றுப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு, அவள் கையாலேயே கரையேறுகிறான். சதுப்பில் இரவில் எரியும் கொள்ளிவாய்ப் பிசாசுகளை அவள் தன் காதலர்கள் என்கிறாள். மட்கிய தழையிலிருந்து எழும் வாயு எரிவதுதான் அது என்று அறிவியல் படிக்கிற நான் சொல்லியாக வேண்டும். சொன்னாலும் பூங்குழலியின் பேச்சுத்தான் மனத்தில் நிற்கிறது!

சென்ற மாசி மாதத்தில் எங்கள் துறையார் கோடிக்கரைக்குக் களப்பயணம் சென்றோம். நாங்களும் மூலிகை பார்க்கத்தான் போனோம். துரத்துவதற்குத்தான் யாரும் இல்லை. திருத்துறைப்பூண்டி தாண்டும் வரை இருபுறமும் சம்பா அறுத்த தாள். பிறகு உப்பளம், சவுக்கு, மணல். எங்கள் ஊரின் நீரோடும் வாய்க்கால்களைப் பார்த்த கண்ணுக்கு அந்தக் காடு முதலில் குட்டையாகவும் வறண்டும் தெரிந்தது. ஆனால் அது உலர் பசுமைமாறாக் காடு. கோடையிலும் இலை முழுவதையும் உதிர்க்காது. 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. புல்வெளியில் வெளிமான்கள் எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கின.

ஒரு மரத்தடியில் ஆசிரியர் நின்றார். “இது என்ன மரம்? யாருக்காவது தெரியுமா?”

எனக்குத் தெரியும். ஆனால் வாய் திறக்கவில்லை. முதலாம் ஆண்டில் ‘சைப்பெரஸ்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் “கோரைங்க சார்” என்று சொல்லி, வகுப்பே சிரித்தது மறக்கவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அம்மா இன்றும் நடவுக்குப் போகிறாள். அந்தக் கோரையை ஆயிரம் முறை பிடுங்கியவள் அவள்.

நுனியில் சற்றே உள்வாங்கிய தடித்த இலை. கறுத்த, வெடித்த பட்டை. அம்மாச்சி வேதாரண்யத்துப் பக்கத்தில் பிறந்தவள். கோடையில் ஓலைக் கூடையில் மஞ்சள் பழத்தைச் சுமந்து வந்து தெருத் தெருவாக உழக்கால் அளந்து விற்றுத்தான் என் அம்மாவை வளர்த்தாள். தின்றால் உதடு ஒட்டிக்கொள்ளும் பால், தொண்டை வரை இனிப்பு. ஆசிரியர் நகரப் போனார்.

“பாலை மரங்க சார்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“எங்க அம்மாச்சி இந்தப் பழம்தான் வித்தாங்க சார்.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஆசிரியர் ‘மணில்காரா ஹெக்சாண்ட்ரா’ என்று சொல்லிவிட்டு, உலக்கைப் பாலை என்ற பெயரும் இதற்கு உண்டு என்றார். பிறகு பழம் எந்த மாதம் வரும், எப்படிப் பறிப்பார்கள் என்று என்னிடம் கேட்டுக் கேட்டுத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

திரும்பும் வழியெல்லாம் சீமைக்கருவேல். தென் அமெரிக்க, மத்திய அமெரிக்க நாடுகளைச் சேர்ந்தது; பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று வெளிமானின் புல்வெளிக்குள்ளும் புகுந்து விட்டது. வந்தியத்தேவன் கண்ணால் கண்டிராத மரம்! நாளைக்கு எவராவது கோடிக்கரையை வைத்து ஒரு கணினி ஆட்டம் செய்ய வந்து, நிழற்படம் எடுத்துக்கொண்டு போனால், சோழ நாட்டு வீரன் சீமைக்கருவேலுக்குப் பின்னால் அல்லவா ஒளிந்துகொள்வான்? சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட கலங்கரை விளக்கம் 2004 சுனாமியில் இடிந்து விழுந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் காட்டின் எத்தனையோ மரங்களைச் சாய்த்தது. எங்கள் ஊர்த் தென்னைகளும் அன்றைக்கு விழுந்தவைதாம்.

“அவர்கள் வந்தால் உன் அம்மாச்சியைத்தான் கேட்க வேண்டும்” என்றான் அறைத் தோழன், பாதி கேலியாக.

விடுமுறையில் ஊருக்குப் போய் அம்மாச்சியிடம் கைபேசியில் பாலை மரத்தின் படத்தைக் காட்டினேன். கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள்.

“பழம் இருந்துச்சாடா?”

“இல்ல அம்மாச்சி, இன்னும் காலம் வரல.”

“அப்ப என்னத்தப் பாத்துட்டு வந்த?” என்று கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.