பழைய லேத் ஒன்றை வாங்கிய கதை

பத்திரிகைத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பொதுவாக நினைவுக் குறிப்புகள் எழுதுவார்கள்; அல்லது கோயில் பரிபாலன சபையில் சேர்ந்துகொள்வார்கள். நான் உலோகம் கடையும் லேத் ஒன்றை வாங்கினேன். பல்லேபொலயில் எங்கள் வீட்டின் பின்புறத்திலுள்ள தகரக் கொட்டகைக்குள் அது வந்து சேர்ந்த நாள்முதல் நண்பர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எழுதிக்கொண்டிருந்த மனிதருக்கு இது எதற்கு?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் கூறி அலுத்துவிட்டதால் இங்கே எழுதிவைக்கிறேன். பழைய இயந்திரம் வாங்க எண்ணுவோருக்கும் சில விபரங்கள் பயன்படக்கூடும்.

முதலில் சொல்லைப் பற்றி. தமிழில் மோரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். மத்தில் சுற்றிய கயிற்றை மாறிமாறி இழுக்கும் அதே முறையில்தான் பண்டைய தச்சனும் மரத்துண்டைச் சுழலவிட்டு உளி பிடித்தான். சிங்களத்தில் இந்தப் பொறிக்கு 'லியன பட்டலய' என்று பெயர். 'லியன' என்றால் எழுதுகிற என்றும் பொருள். கீரையை மெல்லியதாய் அரிவதற்கும் அதே வினைதான். ஆகவே அயலவரான சிங்கள விவசாயிக்கு நான் பதில் கூறுவது எளிதாயிற்று. "நாற்பது வருடம் எழுதினேன், இப்போதும் அதைத்தான் செய்கிறேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, தமது நீர்ப்பம்பியின் உடைந்த பாகம் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார்.

மெய்யான காரணம் அந்த நீர்ப்பம்பியில்தான் இருக்கிறது. பல்லேபொல மாத்தளை மாவட்டத்திலுள்ள சிறிய இடம். நெல்லும் மிளகும் தென்னையும் மரக்கறியும்தான் இங்கே வாழ்க்கை. இவை எல்லாவற்றுக்கும் பின்னால் ஏதோவொரு சிறு இயந்திரம் சுழல்கிறது. 2022 இல் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியபோது, டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை சென்றது. அந்த மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்றதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அக்காலத்தில் கைக்குள் அடங்கும் ஒரு வெண்கலப் புஷ் கிடைக்காமல் பம்பி நின்றது. பம்பி நின்றதால் மிளகாய்ச் செடி காய்ந்தது. தலைநகரில் இருந்து செய்தி எழுதிய காலத்தில் 'இறக்குமதிக் கட்டுப்பாடு' என்பது எனக்கு ஒரு தலைப்புச் சொல். இங்கே அது காய்ந்த பாத்தியாகக் கண்ணெதிரே கிடந்தது. அந்தப் புஷ்ஷை ஒரு மணிநேரத்தில் கடைந்து தரக்கூடிய பட்டறையைத் தேடி அலைந்தபோதுதான், அத்தகைய பட்டறைகள் எவ்வளவு குறைந்துவிட்டன என்று தெரிந்தது.

புதிய லேத் வாங்குவது ஓய்வூதியக்காரனால் ஆகக்கூடியதன்று. மேசைமீது வைக்கும் சிறிய சீனப் பொறிகள் கிடைக்கின்றன. ஆனால் கனமான வேலைக்கு அவை அதிர்கின்றன. லேத்தின் நற்குணங்களில் முதன்மையானது எடை. பழைய வார்ப்பிரும்பு அதிர்வை விழுங்கிக்கொள்ளும். பிரித்தானியாவில் வீட்டுப் பட்டறைக்காரர்களிடையே பெயர்பெற்ற மைஃபோர்ட் எம்.எல். 7 என்ற சிறு லேத் 1946 இல் வெளிவந்தது. அன்று செய்யப்பட்ட பொறிகள் இன்றும் வீட்டுக் கொட்டகைகளில் ஓடுகின்றன. பழையது என்பதனால் கெட்டுப்போனது என்று ஆகிவிடாது. எங்கே தேய்ந்திருக்கிறது, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்கவேண்டும், அவ்வளவே.

நான் மூன்று பொறிகளைப் பார்த்தேன். கொழும்பின் புறநகர் ஒன்றில் நின்ற முதலாவது பளபளப்பான பச்சைப் பூச்சுடன் இருந்தது. பூச்சின் மேல் நகத்தால் கீறியபோது அடியில் பட்டி தெரிந்தது; பட்டிக்கு அடியில் வார்ப்பின் வெடிப்பு. விற்பவர் அதன் வரலாற்றை மிக அழகாகக் கூறினார். அழகாகக் கூறப்படும் வரலாறுகளைக் கேட்டுப் பழகிய தொழில் என்னுடையது. தேநீருக்கு நன்றி கூறி எழுந்துவந்தேன். கண்டியில் பார்த்த இரண்டாவது நல்ல இந்தியப் பொறி. ஆனால் எங்கள் கொட்டகையைவிட நீளமானது.

மூன்றாவது, மாத்தளைக்கு அருகே தோட்டப்புறம் ஒன்றில், சாக்குகளால் மூடப்பட்டு நின்றது. அதன் சொந்தக்காரர் எண்பதை அண்மித்த கடைசல் தொழிலாளி. தமது பெயரை எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தேயிலைத் தொழிற்சாலையின் பட்டறையில் சிறுவனாக எண்ணெய் துடைக்கச் சேர்ந்து, கடைசலாளராக ஓய்வு பெற்றவர்.

இங்கே சற்று வரலாறு கூறியாக வேண்டும். மலையகத்தில் கோப்பி விளைந்த காலத்தில், 1854 இல், ஜோன் வோக்கர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் கண்டியில் தொடங்கிய பொறியியல் நிறுவனம் கோப்பித் தோட்டங்களுக்கு இயந்திரங்கள் செய்தது. 1869 முதல் இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபோது, அந்நிறுவனம் தேயிலை உருட்டும் பொறிகளுக்கு மாறிக்கொண்டது. மாத்தளைக்கு ரயில் 1880 இல் வந்தது. கப்பலில் வந்த இயந்திரம் மலையில் உடைந்தால் மாற்றுப் பாகம் வர மாதங்கள் ஆகும். ஆகவே தோட்டத் தொழிற்சாலைகளுக்குப் பட்டறையும் அதில் ஒரு லேத்தும் தேவைப்பட்டன. கொழுந்து பறித்த கைகளைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். அந்தத் தொழிற்சாலைகளை ஓடவைத்த தமிழ்க் கடைசலாளரையும் பிட்டரையும் பற்றி நானும் என் தொழிலைச் சேர்ந்தவர்களும் எழுதியது சொற்பம்.

அந்தப் பெரியவரின் அண்ணனும் கடைசலாளரே. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் அவர் தமிழகம் போய்விட்டார். தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் அரசுடைமையாகி, 1992 இல் மீண்டும் தனியார் கம்பனிகளின் நிர்வாகத்துக்குச் சென்றன. இடையில் பல தொழிற்சாலைகள் மூடப்பட்டன. தாம் வேலைசெய்த பட்டறையின் பொருட்கள் ஏலத்துக்கு வந்தபோது, தாம் பழகிய லேத்தையே இவர் எடுத்துக்கொண்டார். பிள்ளைகள் கொழும்பில். அவர்களுக்கு இதில் நாட்டமில்லை. நான் போவதற்கு முன்னரே பழைய இரும்பு வியாபாரி ஒருவர் கிலோ கணக்கில் விலை பேசிவிட்டார். சம்மட்டியால் உடைத்து ஏற்றிச்செல்வதாகத் திட்டம்.

"பாருங்க ஐயா, நான் ஒண்ணும் சொல்லல. நீங்களே பாத்துக்குங்க" என்று மட்டும் கூறி, வாங்கொன்றில் அமர்ந்துகொண்டார்.

லேத்தின் தேய்மானம் எங்கும் சமமாக இருப்பதில்லை. பெரும்பாலான வேலை சக்கின் அருகே நடப்பதால், படுக்கை அங்கேதான் தேயும். மறுகோடி அநேகமாகப் புதிதாகவே இருக்கும். சோதிப்பது எளிது. உளியைத் தாங்கிச் செல்லும் சாடிலைச் சக்கின் அருகே கொண்டுவந்து, அதன் பிடியைச் சற்றே இறுக்கவேண்டும். பின்னர் மறுகோடி நோக்கி நகர்த்தவேண்டும். பாதியில் இறுகி நின்றுவிட்டால், எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. இது முக்கால் தூரம் சென்று இறுகத் தொடங்கியது. அடுத்து சுழல்தண்டு. சக்கில் ஓர் இரும்புத் தண்டைப் பிடித்து மேலும் கீழும் நெம்பி, டயல் கேஜில் ஆட்டத்தைப் பார்க்கவேண்டும். இதன் வெண்கலத் தாங்கிகளில் சிறிது ஆட்டம் இருந்தது. ஆனால் இறுக்கிக்கொள்ளக்கூடிய வகை. கைப்பிடியைத் திருப்பும்போது கால் சுற்று வெறுமனே சுழன்றது. அதைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. எப்போதும் ஒரே திசையிலிருந்து அளவுக்கு வந்தால் அந்த வெற்றுச் சுற்றுக் கணக்கில் சேராது. பல்சக்கரங்களில் பல் உடைந்திருக்கிறதா, சக்கின் தாடைகள் நேராகப் பிடிக்கின்றனவா என்பவற்றையும் பார்த்தேன். இறுதிச் சோதனை, கடைந்து பார்ப்பது. பின்தாங்கி இல்லாமல் 150 மில்லிமீற்றர் நீளத்துக்குத் தண்டு ஒன்றைக் கடைந்து, இரு முனைகளிலும் விட்டத்தை அளந்தேன். வித்தியாசம் 0.04 மில்லிமீற்றர். நீர்ப்பம்பிப் புஷ்ஷின் நீளத்துக்கு அது ஒன்றுமேயில்லை.

பெயர்த்தகடு எப்போதோ கழன்றுபோயிருந்தது. ஆயினும் மரை வெட்டும் நீள்திருகில் அங்குலத்துக்கு நான்கு சுற்றுகள் இருந்தன. ஆக அது அங்குலக் கணக்கில் பிறந்த பொறி. ஏறத்தாழ 1800 இல் ஹென்றி மோட்ஸ்லி மரை வெட்டும் லேத்தைச் செம்மைப்படுத்தினார். அவரிடம் வேலை பழகிய ஜோசப் விட்வேர்த் 1841 இல் மரைகளுக்குப் பொது அளவை வகுத்தார். அந்த அளவிலான மரைகள் தோட்ட இயந்திரங்களில் இன்னமும் இருக்கின்றன; புதிய பம்பிகளோ மில்லிமீற்றரில். இரண்டையும் ஒரே பொறியில் வெட்டமுடியுமா?

அதைக் கேட்டபோதுதான் பெரியவர் எழுந்தார். மூலையிலிருந்த மரப்பெட்டியைத் திறந்து, எண்ணெய்த் துணியில் சுற்றிய பல்சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தரையில் அடுக்கினார். கடைசியாக எடுத்த பெரிய சக்கரத்தில் பற்கள் 127. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர்; அதை ஐந்தால் பெருக்கினால் 127. இந்த ஒற்றைச் சக்கரத்தைப் பூட்டினால் அங்குலப் பொறி மில்லிமீற்றர் மரையைப் பிசகின்றி வெட்டும். பழைய லேத்துகளில் முதலில் தொலைந்துபோவது இதுதான். இரும்பு வியாபாரிக்கு அது இரண்டு கிலோ வார்ப்பிரும்பு.

விலை பேசுவது எனக்குக் கைவராத கலை. இரும்பு வியாபாரி சொன்ன தொகையைக் கேட்டு, அதன் ஒன்றரை மடங்கைத் தருவதாகக் கூறினேன். அவர் உடன்பட்டு, ஒரு நிபந்தனை விதித்தார். முதல் மாதம் வாரம் ஒருமுறை தாம் வந்து நான் வேலை செய்வதைப் பார்ப்பார். எனக்கு ஒத்துவராது என்று கண்டால், படிக்கிற வயதுப் பிள்ளை ஒருவனையாவது நான் தேடித் தரவேண்டும். பொறியை விற்பதைவிட அந்த நிபந்தனையை முன்வைக்கத்தான் அவர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

பின்தாங்கியையும் சாடிலையும் மோட்டாரையும் கழற்றி, உருளைக் குழாய்கள்மீது நகர்த்தி, லொறியில் ஏற்றினோம். லேத்தின் பாரம் மேற்பகுதியில், அவசரப்பட்டால் கவிழ்ந்துவிடும். அதிலிருந்த மோட்டார் மூன்று முனை மின்சாரத்துக்குரியது. வீட்டிலுள்ளது ஒற்றை முனை இணைப்பு. ஆகவே ஒன்றரைக் குதிரைவலு மோட்டார் ஒன்றை மாற்றிப் பூட்டினேன். கொங்கிறீற் தளத்தில் மட்டம் பார்த்து இருத்துவதற்கு இரண்டு நாட்கள் சென்றன. படுக்கை சிறிது முறுக்கி நின்றாலும் கடையும் தண்டு கூம்பாகிவிடும்.

முதல் பாடம் ஆரம்பித்த விதம் நினைவிருக்கிறது. சாரத்துடன் கொட்டகைக்குள் வந்த என்னைத் திருப்பி அனுப்பிக் காற்சட்டை அணிந்து வரச்சொன்னார். சுழலும் சக் துணியைப் பிடித்தால் ஆளையும் இழுத்துக்கொள்ளும். சக்கை இறுக்கும் சாவியிலிருந்து கையை எடுப்பதானால் சாவியையும் கையோடு எடுத்துவிடவேண்டும் என்பது இரண்டாவது கட்டளை. மூன்றாவது, அளக்காமல் வெட்டாதே. அந்த மூன்றாவதை ஒரு செய்தி ஆசிரியரும் எனக்கு முன்பு வேறு சொற்களில் கூறியிருக்கிறார்.

எழுதுகிறவனுக்கு இயந்திரம் எதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு முன்னுதாரணமும் உண்டு. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, சிங்களக் கைவினைஞரின் தொழில்களை ஆராய்ந்து எழுதிய பெருநூலை 1908 இல் வெளியிட்டார். அது அவருடைய மேற்பார்வையிலேயே கையச்சில் அச்சானது. அச்சிட்ட பொறி, வில்லியம் மொரிஸின் அச்சகத்திலிருந்து கைமாறி வந்த பழைய பொறி. எங்கள் மாவட்டத்துப் பல்லேஹபுவிட அரக்கு வேலைக்குப் பெயர்போனது. சுழலும் மரத்தின்மீது அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வின் சூட்டில் அது உருகிப் படியும். அந்தக் கைவினையும் கடைசலின் உறவுதான். எழுத்தும் கைத்தொழிலும் வெகுதூரத்தில் இருப்பவை என்று எண்ணுவது நமது பழக்கம், அவ்வளவே.

அயலவரின் பம்பிக்கு வெண்கலப் புஷ் ஒன்றைக் கடைந்து கொடுத்தேன். மூன்று முறை அளந்தேன்; பெரியவர் நான்காவது முறை அளந்தார். பம்பி ஓடுகிறது. அவருடைய மகன், க.பொ.த. சாதாரண தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருப்பவன், இப்போது சனிக்கிழமைகளில் கொட்டகைக்கு வருகிறான். பெரியவருக்குச் சிங்களமும் அவனுக்குத் தமிழும் அரைகுறை. வேலைக்கு அது போதுமானதாக இருக்கிறது. நேற்று அவன் 127 பல் சக்கரத்தைக் கையிலெடுத்து, பற்களை எண்ணத் தொடங்கினான். பாதியில் கணக்குத் தவறி, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினான். பெரியவர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் எண்ணி முடிக்கும்வரை மோட்டாரைப் போடவேண்டாம் என்று எனக்குக் கைகாட்டினார்.