தெம்பனிஸில் ஒரு மண்பாதை இருந்தது

தெம்பனிஸ் அவென்யூ 9 பக்கம் இப்போது போகிறவர்களிடம் நான் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். புதிய புளோக்குகள், அவற்றுக்கு நடுவே விளையாட்டுத் திடல்கள், பாலர் பள்ளி வாசலில் தாத்தா பாட்டிகள், சற்றுத் தள்ளி ஒரு பேருந்து முனையம். அந்த வட்டாரத்தில்தான் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் முழங்கால் வரை சேற்றோடு நின்றுகொண்டிருந்தோம். பள்ளி மாணவர்கள், வங்கி ஊழியர்கள், பேரப்பிள்ளை எடுத்த ஒரு பெரியவர், பிறகு நான். அந்த இடத்துக்குப் பெயர் தெம்பனிஸ் பைக் பார்க்.

தெம்பனிஸுக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு பழையது. நடைபாதையில் சைக்கிள் ஓட்ட அனுமதிக்கலாமா என்ற சோதனை 2007இல் இந்த நகரில்தான் நடந்தது. 2010இல் அது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. அதே 2010 ஆகஸ்டில் உலகின் முதல் இளையர் ஒலிம்பிக் போட்டிகள் சிங்கப்பூரில் நடந்தபோது, பிஎம்எக்ஸ் பந்தயமும் மலைச்சைக்கிள் பந்தயமும் நடந்த இடம் இந்தப் பூங்கா. உலகெங்கிலுமிருந்து வந்த இளையர்கள் பாய்ந்து சென்ற மேடுகளில் அடுத்த மாதம் நம் அக்கம்பக்கத்துப் பையன்கள் விழுந்து எழுந்தார்கள். கட்டணம் கிடையாது. கேட்டைத் தாண்டினால் மண்தான்.

பிஎம்எக்ஸ் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. இருபது அங்குலச் சக்கரம் கொண்ட சிறிய சைக்கிள். ஓர் உயரமான சரிவின் உச்சியில் எட்டுப் பேர் வரிசையாக நிற்பார்கள். தடுப்புக் கதவு விழுந்ததும் ஒரே பாய்ச்சல். வரிசையாக மேடுகள், பிறகு கிண்ணத்தின் விளிம்பு போல சாய்ந்து எழும் வளைவு, மீண்டும் மேடுகள். முக்கால் நிமிடத்துக்குள் பந்தயம் முடிந்துவிடும். பார்க்க முரட்டு விளையாட்டாகத் தெரியும். ஓட்டிப் பார்த்தால் அதில் ஒரு தாளம் இருப்பது புரியும். மேட்டில் ஏறும்போது உடலை லேசாக்க வேண்டும், இறங்கும்போது கால்களால் அழுத்த வேண்டும். அதைச் சரியாகச் செய்தால் மிதிக்காமலேயே வேகம் கூடும். எனக்கு அந்தத் தாளம் பிடிபட ஓராண்டு ஆனது. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டே வாரம்!

ஆனால் என் மனம் போனது பந்தயத் தடத்தில் அல்ல, அதை ஒட்டி மரங்களுக்கும் லாலாங் புல்லுக்கும் இடையே வளைந்து சென்ற மண்பாதையில். கிழக்குப் பகுதி மண்ணில் மணல் அதிகம். பிடோக் நீர்த்தேக்கமே ஒரு காலத்தில் மணல் தோண்டிய குழிதானே. ஆகவே மழை விட்ட ஒரு மணி நேரத்தில் சில பகுதிகள் காய்ந்துவிடும். சில பகுதிகள் மூன்று நாளானாலும் பாயசம் போலக் கிடக்கும். எந்த வளைவில் சக்கரம் வழுக்கும், எந்த வேரை நேராகத் தாண்ட வேண்டும், எங்கே பிரேக்கைத் தொடவே கூடாது என்பதெல்லாம் மனப்பாடம். நான் சொன்ன அந்தப் பெரியவர் மலாய்க்காரர். எல்லாரும் 'பாக்சிக்' என்போம். மழைக்கு மறுநாள் ஒரு சிறிய மண்வெட்டியோடு வந்து, தண்ணீர் தேங்கிய இடத்தில் பாதையின் ஓரத்தை வெட்டி வடியவிடுவார். "தண்ணீருக்கு வழி விட்டால் பாதை பிழைத்துக்கொள்ளும்" என்பார். மண்பாதை அமைக்கும் கலையின் பெரும்பகுதி அதுதான் என்பதைப் பிற்பாடு பல இடங்களில் ஓட்டியபோது தெரிந்துகொண்டேன். பாதையைக் கெடுப்பது சக்கரத்தைவிட ஓடும் நீர்தான்.

2014இல் பூங்கா மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அந்த நிலம் வீடுகள் கட்டத் தேவைப்படுகிறது. செப்டம்பரோடு சரி.

எங்கள் கூட்டத்தில் எல்லாரும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை. சிலர் கொதித்தார்கள். ஒலிம்பிக் கொடி பறந்த இடத்தை நான்கே ஆண்டுகளில் இடிப்பதா என்று கேட்டார்கள். சிலர் தோளைக் குலுக்கினார்கள். இந்த ஊரில் எந்த இடம்தான் நிரந்தரம் என்பது அவர்கள் கட்சி. தாங்கள் படித்த பள்ளி, குடியிருந்த கம்பம், அப்பா கோப்பி குடித்த கடை என்று அவர்களிடம் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருந்தது. ஒருவர் தினமும் வேலை முடிந்து வந்து ஒவ்வொரு வளைவையும் படம் பிடித்தார். பிள்ளைகள்தான் பாவம். அவர்களுக்குக் கோபப்படவும் தெரியவில்லை, தத்துவம் பேசவும் தெரியவில்லை. இருட்டும்வரை ஓட்டினார்கள்.

பேசாமலேயே இருந்தவன் ஒரு தம்பி. அப்போது அவனுக்கு இருபத்தெட்டு வயது. நிச்சயதார்த்தம் முடிந்து வீட்டுக்காகக் காத்திருந்தான். பெற்றோர், அண்ணன் குடும்பம், இவன் என்று மூன்று அறை வீட்டில் ஏழு பேர். எல்லாரும் கலைந்த பிறகு சைக்கிளைத் துடைத்தபடி என்னிடம் சொன்னான்: "நான் என்னக்கா சொல்றது? இங்க வீடு கட்டுனா முதல் ஆளா விண்ணப்பம் போடப் போறது நான்தான்."

அதற்குப் பிறகு மூடியவர்கள்மீது கோபப்பட எனக்கு வாய் வரவில்லை. பூங்கா மூடிய இரண்டு மாதத்தில், 2014 நவம்பரில், தெம்பனிஸ் நார்த்தின் முதல் பிடிஓ வீடுகள் விற்பனைக்கு வந்தன. 240 ஹெக்டர் பரப்பில் ஏறக்குறைய 21,000 வீடுகள் என்பது அந்தப் புதுநகரின் திட்டம். அத்தனை குடும்பங்களின் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் எதிரே எங்கள் சனிக்கிழமைக் காலைகளைத் தராசில் வைத்தால் தட்டு எந்தப் பக்கம் சாயும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் என் மனம் இன்னும் ஆறவில்லை. "அதற்குப் பதிலாக வேறு இடம் இருக்கிறதே" என்ற பேச்சுதான் அது. இருக்கிறது, மறுக்கவில்லை. இரண்டு இடங்களிலும் ஓட்டியிருக்கிறேன், இரண்டுமே அருமையானவை.

ஒன்று புலாவ் உபினில் உள்ள கெத்தாம் மலைச்சைக்கிள் பூங்கா. பழைய கருங்கல் சுரங்கக் குழியைச் சுற்றி 45 ஹெக்டரில் விரிந்து கிடக்கிறது. நீலச் சதுரம், கறுப்பு வைரம், இரட்டைக் கறுப்பு வைரம் என்று பாதையின் கடுமைக்கேற்ப அடையாளப் பலகைகள். இரட்டை வைரத்தில் இறங்குமுன் நான் குலதெய்வத்தைக் கும்பிட்டுக்கொள்வது வழக்கம். அங்கே போக சாங்கி படகுத்துறையில் பம்போட் ஏற வேண்டும். ஆளுக்கு ஒரு கட்டணம், சைக்கிளுக்குத் தனிக் கட்டணம்.

மற்றொன்று செஸ்நட் இயற்கைப் பூங்கா. 2016இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. 81 ஹெக்டர் காட்டில் 8.2 கிலோமீட்டர் சைக்கிள் பாதை, நடப்பவர்களுக்கு வேறு பாதை. சைக்கிள் பாதையும் நடைபாதையும் பிரிந்திருப்பதால் எதிரே ஒரு குடும்பம் வந்துவிடுமோ என்ற பயமில்லாமல் இறங்கலாம். மரநிழல் அடர்த்தி. பாதை அமைத்தவர்கள் தண்ணீருக்கு நன்றாகவே வழி விட்டிருக்கிறார்கள். பாக்சிக் பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பார்.

சிக்கல் பாதையில் இல்லை, பாதைக்குப் போகும் வழியில் இருக்கிறது. தெம்பனிஸ் தீவின் கிழக்கே. செஸ்நட் அந்தப் பக்கம், புக்கித் பாஞ்சாங் அருகே. எம்ஆர்டியில் மடக்கு சைக்கிளுக்கு மட்டும்தான் அனுமதி, அதுவும் மடித்த பிறகு 120க்கு 70க்கு 40 சென்டிமீட்டர் அளவைத் தாண்டக்கூடாது. மலைச்சைக்கிள் எதுவும் அந்த அளவுக்குள் அடங்காது. ஆக, கார் வேண்டும். இந்த ஊரில் கார் என்றால் என்ன விலை என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெரியவர்கள் கூட்டாக வேன் பிடிப்போம், அல்லது விடியற்காலை எழுந்து சாலையிலேயே மிதித்துப் போய்விடுவோம். பள்ளி முடிந்து சீருடைச் சட்டையை மாற்றிக்கொண்டு, மூன்று புளோக் தள்ளியிருந்த மண்ணுக்கு யார் துணையும் இல்லாமல் வந்த அந்தப் பிள்ளை என்ன செய்வான்? அவன் செஸ்நட்டுக்கு வரவில்லை. நான் ஒருநாளும் அவனை அங்கே பார்த்ததில்லை. பெரியவர்களாகிய நாங்கள் ஒரு பூங்காவை இழந்து இரண்டைப் பெற்றோம். அவனுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அனுமதியுள்ள மண்பாதை கைக்கெட்டும் தூரத்தில் இல்லாதபோது, ஆர்வம் அனுமதியில்லாத காட்டுக்குள் நுழையப் பார்க்கும். வனப்பகுதிகளில் குறிக்கப்பட்ட பாதையை விட்டு விலகி ஓட்டுவது குற்றம். மண்ணும் செடியும் கெடும், நடந்து வருபவர்களும் மிரள்வார்கள். இதை நான் எவருக்காகவும் நியாயப்படுத்த மாட்டேன். தெம்பனிஸ் போன்ற ஓர் இடம் அந்த ஆர்வத்தை ஒரு வேலிக்குள் வைத்திருந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

என் சொந்தத் தம்பிக்கு இப்போது தெம்பனிஸ் நார்த்தில்தான் வீடு. பால் காய்ச்சிய அன்று எல்லாரும் வரவேற்பறையின் ஓடுகளைப் பாராட்டிக்கொண்டிருந்தபோது நான் சன்னலோரம் நின்று விரைவுச்சாலையின் வளைவை வைத்துத் திசை பார்த்தேன். காற்று நன்றாக வந்தது. வீடும் நல்ல வீடு. எங்கள் அம்மாவுக்குத் தனி அறை கிடைத்தது அந்த வீட்டில்தான். முன்பு அவர் வரவேற்பறையில் மெத்தை விரித்துப் படுத்தார்.

தம்பி மகனுக்கு ஒன்பது வயது. "அத்தை, நிஜமாவே இங்க குதிச்சீங்களா?" என்று கேட்டான். கைப்பேசியில் பழைய படங்களைக் காட்டினேன். படத்தில் இருந்த ஆளைவிட, பின்னால் இருந்த மண்மேட்டைத்தான் அவன் விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். அவனிடமும் ஒரு சைக்கிள் இருக்கிறது. கால்வாயோரப் பாதையில் ஓட்டுவான். வழவழப்பான, விளக்குகள் உள்ள, நல்ல பாதை.

போன மாதம் தம்பி தன் வேலையிட வேனைக் கேட்டு வாங்க, மூவரும் செஸ்நட் போனோம். பையன் முதல் மேட்டில் இறங்கித் தள்ளினான். இரண்டாவது சுற்றில் வேர்களின்மேல் தடதடத்துப் போனான். மூன்றாவது சுற்றில் வளைவு ஒன்றில் வழுக்கி விழுந்து, முழங்கையில் செம்மண்ணோடு எழுந்து, அப்பா பார்த்தாரா என்று திரும்பிப் பார்த்தான். தம்பி ஓடப் போனவன், நான் கையைப் பிடித்ததும் நின்றுவிட்டான். திரும்பும்போது வேனில் பழைய நாளிதழ்களை விரித்து, அதன்மேல் சைக்கிள்களைக் கிடத்தினோம்.

"வேன் மாசத்துக்கு ஒரு தடவைதான் கிடைக்கும்" என்று தம்பி முன்கூட்டியே சொல்லி வைத்தான்.

"அப்ப மத்த மூணு வாரம்?"

பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றி நாலு கிலோமீட்டருக்குச் சரளைப் பாதை இருக்கிறது, அங்கே கூட்டிப் போகிறேன் என்றேன். பள்ளியிலிருந்து ஏற்கெனவே அங்கே போயிருக்கிறானாம்.

"அது தட்டையா இருக்கு, அத்தை" என்றான்.