பவளத் தொட்டிக்கு எந்த ராஸ்?

ராஸ் குடும்பத்தில் 500-க்கும் மேற்பட்ட மீனினங்கள் உண்டு. விரல் நீளத்துக்கு மேல் வளராதவையும் இருக்கின்றன, 2 மீட்டரை எட்டும் நெப்போலியன் ராஸும் இருக்கிறது. வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்ப்பவர்கள் இவற்றின் நிறத்தில் மயங்கித்தான் வாங்குகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது வாயை. பவளத்தையே தின்று வாழும் ராஸ்கள் மிகச் சில. மற்றவற்றால் ஆபத்து தொட்டியிலுள்ள இறாலுக்கும் நத்தைக்கும் குழாய்ப்புழுவுக்கும்தான். 'பவளத்தை ஒன்றும் செய்யாது' என்று கடைக்காரர் சொன்னால், இறாலை என்ன செய்யும் என்றும் கேட்டுவிட வேண்டும்.

தயங்காமல் வாங்கத்தக்கவை ஃபேரி ராஸ்களும் ஃபிளாஷர் ராஸ்களும். நீரோட்டத்தில் மிதந்து வரும் நுண்ணிய உயிர்களை ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்பவை இவை. இவற்றின் கண்ணிலுள்ள கார்னியா இரு பகுதிகளாகப் பிரிந்து, கிட்டத்தில் வரும் துணுக்கைத் தெளிவாகக் காட்டும் வில்லையாக உதவுகிறது. ஃபிளாஷர் ஆண் பெண்களைக் கண்டால் துடுப்புகளை முழுக்க விரிக்கும். உடலிலுள்ள நீலக் கோடுகள் சட்டென்று ஒளிரும். சில நொடிகளில் எல்லாம் அடங்கிவிடும். ராஸ்கள் பெரும்பாலும் பெண்ணாகத் தொடங்கிப் பிறகு ஆணாக மாறுபவை. தனியே விடப்பட்ட ஆணுக்கு நாளடைவில் நிறம் மங்குவதுண்டு. ஆகவே ஓர் ஆணுடன் இரண்டு மூன்று பெண்களைச் சேர்ப்பது நல்லது. மிரண்டால் துள்ளி வெளியே விழுந்துவிடும் என்பதால், தொட்டிக்கு வலைமூடி கட்டாயம் வேண்டும்.

மஞ்சள் ராஸ் போன்ற ஹாலிகோரஸ் வகைகளுக்கும் சிறுத்தை ராஸ்களுக்கும் மணல்தான் படுக்கை. ஐந்தாறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மென்மணல் இல்லாத தொட்டியில் அவற்றை விடுவது கொடுமை. புதிதாக வந்த சிறுத்தை ராஸ் மணலுக்குள் புகுந்து சில நாள் வெளியே வராமலே இருக்கும். வெளியே வந்தாலும் தான் விட்டுவந்த கடலின் பகல் இரவுக் கணக்கில்தான் எழும், உறங்கும். செத்துவிட்டதென்று மணலைக் கிளறிப் பார்ப்பவர்களே அதைக் கொன்றுவிடுகிறார்கள். இயற்கையில் அது மணலிலும் பாறையிலும் உள்ள மிகச் சிறிய ஓட்டுயிர்களைத் தின்று வாழ்கிறது. அதனால் நாள்பட்ட, உயிர்கள் பெருகிய தொட்டியில்தான் தேறும்.

ஆறுவரி ராஸ் பவளத்தைத் தொடாது, தட்டைப்புழுக்களையும் தின்னும். ஆனால் பின்னால் வரும் மீன்களை ஓட ஓட விரட்டும் என்பதால் அதைக் கடைசியாக விட வேண்டும். சிவப்பு கோரிஸ் ராஸின் குஞ்சு கண்ணைப் பறிக்கும் அழகு. அதுவே வளர்ந்ததும் கற்களைப் புரட்டி நண்டும் நத்தையும் தேடும். துப்புரவு ராஸ் பிற மீன்களின் உடலிலிருந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்பது. வீட்டுத் தொட்டியில் பட்டினி கிடந்து சாவதே அதிகம். அதைக் கடலிலேயே விட்டுவிடலாம்.

இந்த மீன்களில் மிகப் பெரும்பாலானவை கடலில் பிடிக்கப்படுபவை. இலங்கையில் சுழியோடிகள் பருவக்காற்றுக்கேற்ப ஒரு காலத்தில் தென்மேற்குக் கரையிலும் மறு காலத்தில் கிழக்குக் கரையிலும் வண்ணமீன் பிடிக்கிறார்கள். பாறையோரம் மெல்லிய வலையைத் தடுப்பாக விரித்து, மீனை அதை நோக்கி ஓட்டி, கைவலையால் அள்ளுவது நேர்மையான முறை. ஆழத்தில் பிடித்த மீனை அவசரமாக மேலே கொண்டுவந்தால் காற்றுப்பை ஊதி, அது நீந்த முடியாமல் தவிக்கும். இடையிடையே நிறுத்தி மெல்ல ஏற்ற வேண்டும், அல்லது ஊசியால் காற்றை இறக்க வேண்டும். இரண்டுக்கும் பொறுமையும் கைப்பழக்கமும் தேவை. சுழியோடியின் உடம்புக்கும் இதே விதிதான். அவசரமாக மேலேறினால் இரத்தத்தில் நைட்ரஜன் குமிழிட்டுக் கைகால் முடங்கும். உயிரைப் பணயம் வைப்பவருக்கு மீன் கணக்கில் கூலி கொடுத்து அவசரப்படுத்தும் இடைத்தரகு வணிகம் மீனுக்கும் மனிதருக்கும் கேடு. பிலிப்பைன்ஸில் 1960-களில் பரவிய சயனைடு முறையோ பவளத்தையே சாகடித்தது. அப்படிப் பிடித்த மீன், வாங்கிப் பல நாள் கழித்தும் சாகக்கூடும்.

இந்த வணிகம் சில நேரம் அறிவியலையும் முந்திவிடுகிறது. மாலத்தீவின் ரோஜா நிற ஃபேரி ராஸ் 2022-இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது. அறிவியல் பெயர் கிடைப்பதற்கு முன்பே அது வண்ணமீன் சந்தைக்கு வந்துவிட்டது.

வாங்குகிறவர் கையிலும் ஓர் அதிகாரம் இருக்கிறது. எந்தக் கடலிலிருந்து, எப்படிப் பிடித்தது என்று கேளுங்கள். கண்ணெதிரே இரை போடச் சொல்லுங்கள். வயிறு ஒட்டிய, இரை தொடாத ராஸை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.