வெந்நீர் வழியாக வந்தவன்

ஆர்னால்ட் ரிக்லி சாயத் தொழிலில் இருந்தவர். 1823-ல் சுவிட்சர்லாந்தில் பிறந்து, குடும்பத்தோடு சாயப்பட்டறை நடத்திக்கொண்டிருந்தவர், உடம்பு கெட்டுப்போய், இன்றைய ஸ்லோவேனியாவில் இருக்கும் பிளெட் ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தார். 1850-களில் அங்கேயே வெயில், காற்று, தண்ணீர் இந்த மூன்றையும் வைத்து வைத்தியம் செய்ய ஆரம்பித்தார். அவரைப் பற்றி முதன்முதலில் கேள்விப்பட்ட அன்று எனக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. நானும் சாயத்திலிருந்து இயற்கை மருத்துவத்துக்கு வந்தவன்.

பிளஸ் டூ முடித்ததும் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் ஹெல்ப்பராகச் சேர்ந்தேன். அப்புறம் லேப், அதற்கப்புறம் டையிங் மாஸ்டருக்குக் கீழே ஷிப்ட் பார்க்கும் வேலை. வெளியில் இருப்பவர்கள் அதைக் கலர் சம்பந்தப்பட்ட வேலை என்று நினைப்பார்கள். உண்மையில் அது தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருக்கும் வேலை. தண்ணீரில் கடினத்தன்மை இருந்தால் ஷேடு திட்டுத்திட்டாக விழும். பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது உப்பு போட்டால் சாயம் துணியை நோக்கி நகரும். சோடா ஆஷ் போட்ட பிறகுதான் இழையைப் பிடித்துக்கொள்ளும். 60 டிகிரியில் ஒரு மணி நேரம் நிறுத்த வேண்டும் என்றால் நிறுத்த வேண்டும். எந்த நேரத்தில் எத்தனை டிகிரி, எவ்வளவு உப்பு, யார் ஷிப்ட் என்று எல்லாம் பேட்ச் கார்டில் ஏறிவிடும். நேற்று வந்த அதே கலர் இன்றைக்கு வராது. அதனால் ஒவ்வொரு லாட்டுக்கும் லேபில் சின்னத் துண்டு போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பெரிய மெஷினில் துணியை விடுவோம்.

2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. நொய்யல் ஆற்றையும் அதன் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையையும் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளியங்கிரியில் பிறந்து வரும் ஆறு, எங்கள் ஊரைத் தாண்டும்போது பட்டறைகளின் கலரில் ஓடியது. கீழே நிலமும் கிணறும் கெட்டுப்போன விவசாயிகள் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்து வாங்கிய தீர்ப்பு அது. சரியான தீர்ப்பு என்றுதான் அன்றும் நினைத்தேன். வேலை போனது.

அதற்குப் பிறகான சில வருடங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஒரு நூல் மில் குடோனில் ஸ்டோர்ஸ் பார்த்தேன். இன்சூரன்ஸ் பிடித்தேன். வெளியூரில் பட்டறை வேலை கிடைக்குமா என்று அலைந்தேன். மலையடிவாரத்தில் ஒரு இயற்கை மருத்துவ நிலையத்தில் வெந்நீர் பாய்லர் பார்க்க ஆள் தேவை என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னார். இயற்கை மருத்துவம் என்றால் பச்சைக் காய்கறி தின்னச் சொல்வார்கள் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. பாய்லர் தெரியும், போனேன்.

அங்கே நாள் முழுக்கத் தண்ணீர்தான். இடுப்புக் குளியலுக்கென்று கால் இரண்டும் வெளியே இருக்கும்படி செய்த தொட்டி. அதில் தொப்புள் வரை குளிர்ந்த தண்ணீர். உடம்பு முழுக்க மூழ்கிப் படுக்கும் தொட்டியில் 33-லிருந்து 36 டிகிரிக்குள், சுடவும் சுடாத, குளிரவும் குளிராத தண்ணீர். தூக்கம் வராதவர்கள் அதில் படுத்தால் கொஞ்ச நேரத்தில் தோள் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். சூடான பாதக் குளியலுக்கு 40 டிகிரிக்கு மேல். தலையில் ஈரத்துணி, குடிக்க ஒரு டம்ளர் தண்ணீர், மேலே கம்பளி. தண்ணீர் பதமாக இருக்கிறதா என்று அங்கே எல்லோரும் கையை விட்டுத்தான் பார்த்தார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. நாள் முழுக்க வெந்நீரில் புழங்குகிற கைக்கு 45 டிகிரியும் இதமாகத்தான் தெரியும். பட்டறைப் பழக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைத்துக்கொண்டேன். நோட்டு ஒன்றில் பேர், டிகிரி, ஆரம்பித்த நேரம், முடித்த நேரம் எழுத ஆரம்பித்தேன்.

ஒருநாள் வயதான அம்மா ஒருவரைப் பாதக் குளியலுக்கு அனுப்பியிருந்தார்கள். தண்ணீரில் கால் வைத்தவர், “சூடே இல்லீங்களே, இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க” என்றார். தெர்மாமீட்டர் 42 காட்டியது. ஊற்றாமல் நிலையத்தின் டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து பாதத்தைத் தொட்டுப் பார்த்து, கண்ணை மூடச் சொல்லி எந்த விரலைத் தொடுகிறேன் என்று கேட்டார். அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. பல வருடச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி போயிருந்தது. அப்படிப்பட்ட காலுக்கு வெந்நீர் கூடவே கூடாது. கொப்புளம் வந்தாலும் தெரியாது, புண்ணானால் ஆறாது. “அண்ணா, தெர்மாமீட்டர் வெக்கணும்னு உங்களுக்கு யாரு சொன்னா?” என்று டாக்டரம்மா கேட்டார். “சாயப்பட்டறையில பழக்கமுங்க” என்றேன். ரிக்லியின் கதையை அன்று அவர்தான் சொன்னார். அடுத்த வருடம் சிகிச்சை உதவியாளர் பயிற்சிக்குச் சேரச் சொன்னதும் அவர்தான். சம்பளம் பட்டறையில் வாங்கியதில் பாதிகூட இல்லை. வீட்டில் பேசி, மனைவி சரி என்ற பிறகு சேர்ந்தேன்.

படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. இந்த மருத்துவத்தைக் கட்டியவர்களில் பாதிப்பேர் வேறு தொழிலிலிருந்து வந்தவர்கள். வின்சென்ஸ் பிரீஸ்னிட்ஸ் சைலீசியாவின் மலைக் கிராமத்து விவசாயி. வண்டி விபத்தில் விலா எலும்பு முறிந்து, பிழைப்பது கஷ்டம் என்று கைவிடப்பட்ட பையன், ஈரத்துணியைச் சுற்றிச் சுற்றியே தேறினார். பிறகு அவரைத் தேடி ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். செபாஸ்டியன் க்னைப் நெசவாளி மகன், தானும் தறியில் உட்கார்ந்தவர், பின்னால் பாதிரியார். லூயி கூனே தச்சுவேலை தெரிந்தவர். லைப்சிக் நகரில் சிகிச்சை நிலையம் நடத்தினார். ‘இயற்கைக்குத் திரும்பு’ என்று எழுதிய அடால்ஃப் யூஸ்ட் புத்தகக் கடைக்காரர். அவரையும் கூனேயையும் படித்து மண் பட்டியும் இடுப்புக் குளியலும் செய்து பார்த்த காந்தி, வக்கீல்.

இவர்கள் தங்கள் தொழிலிலிருந்து நல்லதைக் கொண்டுவந்தார்கள் என்றே நினைக்கிறேன். தச்சனுக்கு அளவு தெரியும், விவசாயிக்குப் பருவம் தெரியும், நெசவாளிக்கு ஒரே இடத்தில் பொறுமையாக உட்காரத் தெரியும். ஆனால் தங்கள் உடம்பு தேறியதையே எல்லோருக்கும் மருந்தாக்கும் ஆசையும் அவர்களில் பலருக்கு இருந்தது. எல்லா நோய்க்கும் வேர் ஒன்றுதான், கழிவு தேங்குவதுதான் என்றார் கூனே. முகத்தையும் கழுத்தையும் பார்த்தே நோய் சொல்லிவிடலாம் என்றும் எழுதினார். இது தவறு. ஒரே ரெசிபி இரண்டு லாட்டில் ஒரே கலர் தராது என்று பட்டறைப் பையனுக்குத் தெரியும். துணிக்கே அப்படியென்றால் மனிதருக்கு எப்படி ஒரே ரெசிபி இருக்கும்? கூனேயின் குளியல் முறையை நான் தினமும் செய்கிறேன். அவருடைய கொள்கையை ஏற்கவில்லை.

க்னைப் விஷயத்தில் எனக்கு மரியாதை அதிகம். காசநோயில் துவண்டிருந்த மாணவர், 1849-ன் குளிர்காலத்தில் டான்யூப் ஆற்றில் முங்கி முங்கி எழுந்து தேறினார் என்பது அவர் கதை. அன்று காசநோய்க்கு மருந்து கிடையாது. அதன் கிருமியை ராபர்ட் காக் கண்டுபிடித்ததே 1882-ல்தான். ஆற்றை நம்பியதைக் குறை சொல்ல முடியாது. இன்று இருமலோடும் ரத்தச் சளியோடும் ஒருவர் எங்களிடம் வந்தால், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாமல் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது, முழுக்கச் சாப்பிட்டால் குணமாகிறது. வயதாக ஆக க்னைப் தன் முறைகளை மென்மையாக்கிக்கொண்டே போனார். ஆட்களைப் பார்த்துப் பார்த்துத் தண்ணீரைக் குறைத்தவர் அவர்.

காந்தியின் வாழ்க்கையிலும் எனக்குப் பிடித்த ஒரு இடம் உண்டு. 1924 ஜனவரியில் எரவாடா சிறையில் இருந்தபோது குடல்வால் அழற்சி வந்தது. புனே சாசூன் ஆஸ்பத்திரியில் பிரிட்டிஷ் சர்ஜன் கர்னல் மேடக் அறுவை சிகிச்சை செய்தார். அதற்குக் காந்தி சம்மதித்தார். மண் பட்டியில் இவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தவர்தான், 1946-ல் புனேக்குப் பக்கத்தில் உருளி காஞ்சனில் ஏழைகளுக்காக இயற்கை மருத்துவ ஆசிரமம் தொடங்கியவர்தான், கத்தி தேவைப்பட்டபோது கத்தியை ஏற்றுக்கொண்டார். இன்சுலினை நிறுத்து, மாத்திரையைத் தூக்கிப் போடு என்று சொல்லும் இயற்கை வைத்தியர்கள் இதைப் படிக்க வேண்டும். இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் வரும். சாறு குடித்தால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இன்சுலினை விட்டுவிட்டு, மூச்சு இரைக்க வந்த ஒரு பிள்ளையை நாங்கள் ஆம்புலன்ஸில் ஏற்றியிருக்கிறோம்.

இப்போது இந்தத் துறைக்கு நேர்வழி உண்டு. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி 2000-ல் வந்தது. பிளஸ் டூவுக்குப் பிறகு பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்தரை வருடப் பட்டப்படிப்பு. உடற்கூறு, உடலியங்கியல், நோயியல் எல்லாம் படித்துத்தான் வெளியே வருகிறார்கள். அதைப் படித்தவர்தான் டாக்டர். குறுக்குவழியில் ஏதோ ஒரு சான்றிதழ் வாங்கிப் பேருக்கு முன்னால் அந்த எழுத்தைப் போட்டுக்கொள்வது நோயாளியை ஏமாற்றுவது. நான் உதவியாளன். எந்தச் சிகிச்சை என்று டாக்டர் எழுதுவார். அதைச் சரியான டிகிரியில், சரியான நேரத்துக்குச் செய்து, நடந்ததைத் திரும்பச் சொல்வது என் வேலை.

அந்தத் திரும்பச் சொல்வதில் என் பழைய வாழ்க்கை முழுக்கப் பயன்படுகிறது. எங்களிடம் வருபவர்களில் நிறையப் பேர் பனியன் கம்பெனி ஆட்கள். இடுப்பு வலி என்று ஒரு பெண் வந்தால், “ஓவர்லாக்கா, பிளாட்லாக்கா, செக்கிங்குங்களா?” என்று கேட்பேன். நாளெல்லாம் உட்காருகிறவருக்கும் நாளெல்லாம் நிற்கிறவருக்கும் வலி வேறு. ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறார்களா, எத்தனை டீ, பாத்ரூம் தூரம் என்பதால் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்களா என்று மெதுவாகக் கேட்பேன். டாக்டரிடம் வெட்கப்பட்டுச் சொல்லாததை மண் பட்டி போட்டுப் படுத்திருக்கும் அரை மணி நேரத்தில் என்னிடமும், பெண்கள் பகுதியில் வேலை செய்யும் அக்காவிடமும் சொல்லிவிடுவார்கள். சொன்னதைக் குறித்து டாக்டரிடம் கொடுப்போம். பல நேரம் சிகிச்சைக் குறிப்பே அதனால் மாறும்.

போன மாதம் பழைய பட்டறையில் என்னோடு சாஃப்ட் ஃப்ளோ மெஷின் ஓட்டியவர் வந்திருந்தார். என்னைவிடச் சின்னவர். கொஞ்ச நேரம் தொட்டிகளையெல்லாம் சுற்றிப் பார்த்தார்.

“ஏனுங்ணா, இந்த வயசுக்கு மேல நானும் இதுக்கு வரலாமுங்களா?”

“வரலாந்தம்பி. சம்பளம் கம்மி. டாக்டர்னு யாரும் கூப்புட மாட்டாங்க, கூப்புட்டாலும் இல்லீங்கன்னு சொல்லோணும்.”

“அது செரிங்ணா. மொதல்ல என்ன படிக்கோணும்?”

“படிப்பு அப்பறம். புத்துமண்ணு வந்து கெடக்குது. காய வெச்சுக் கல்லு, வேரு பொறுக்கிச் சலிச்சு, ராத்திரி ஊறப் போடோணும். காலைல அஞ்சு மணிக்கு வா, ஒரு வாரம் சலிச்சுப் பாரு. புடிச்சிருந்தா டாக்டரம்மாகிட்டப் பேசலாம்.”

அவர் மண் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கட்டியை எடுத்து உடைத்துப் பார்த்தார். சல்லடை எத்தனாம் நம்பர் என்று கேட்டார்.