ஓட்டாஞ்சில்லு

"என்னங்கய்யா, காசைக் கீசைத் தொலைச்சிட்டீகளா?"

ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில், வைகைக் கரைத் தோட்டம் ஒன்றில் குனிந்தபடி நடந்த என்னைப் பார்த்துத்தான் பெரியவர் கேட்டார். தேனிப் பக்கம் போகிறவர்கள் சுருளி அருவியில் குளிப்பார்கள். கம்பத்தில் திராட்சை வாங்குவார்கள். நான் பொறுக்கியதோ பானை ஓடு!

வெளியே செக்கச்செவேல், உள்ளே கன்னங்கரேல். பெயின்ட் அல்ல. பானைக்குள் வைக்கோல், இலைதழையைத் திணித்துக் கவிழ்த்துச் சுட்டிருக்கிறார்கள். காற்றுப் பட்ட வெளிப்புறம், மண்ணிலுள்ள இரும்பால் சிவந்துவிடும். காற்றுப் புகாத உள்புறம் கரியேறிக் கறுத்துவிடும்.

பெரு நாட்டில் நாஸ்கா என்றொரு கூட்டம். ஏறக்குறைய 2000 வருடங்களுக்கு முன்பே பானையில் பறவை, மீன், மிளகாய் என்று கலர் கலராகத் தீட்டித் தள்ளியவர்கள். நம்ம ஆட்களும் சளைத்தவர்களா? ஆதிச்சநல்லூரில் வெள்ளைக் கோடும் புள்ளியும் வைத்தார்கள். வைகைக் கரையிலோ பெரும்பாலும் கீறல்தான்: மீன், ஏணி, நட்சத்திரம். என் கையிலிருந்த ஓட்டிலும் ஏணி மாதிரி ஒரு கீறல். யார் வீட்டு அடையாளமோ!

இதே ஆண்டிபட்டி வட்டத்தில்தான் புலிமான்கோம்பை. 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே தமிழ் பிராமி எழுத்துள்ள 3 நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். கூடலூர் ஆநிரைச் சண்டையில் மாண்ட தீயன் அந்தவனின் பெயர் ஒன்றில் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கிலும் ஒரு கூடலூர் உண்டு!

ஆசை யாரை விட்டது? ஓட்டைச் சட்டைப்பையில் போட்டேன்.

"அள்ளிக்கிட்டுப் போங்கய்யா. அடுத்த வாரம் ஜே.சி.பி. வருது. மேட்டைத் தட்டி வாழை போடப் போறேன்" என்றார் பெரியவர்.

எனக்குத் திக்கென்றது. இதே வைகைக் கரையில், கீழடியில் 2015-இல் தோண்ட ஆரம்பித்தார்கள். கிடைத்த ஓடு எந்தக் குழி, எத்தனை ஆழம் என்று குறித்துவைத்ததால்தான் அதற்கு வயசு சொல்ல முடிந்தது. என் வீட்டு ஷோகேஸில் இது வெறும் ஓட்டாஞ்சில்லு!

எடுத்த இடத்திலேயே வைத்தேன். போட்டோ எடுத்துக்கொண்டேன்.

"தொல்லியல் துறைக்குச் சொல்றேன். அதுவரைக்கும் மேட்டைத் தொடாதீங்கய்யா."

பெரியவர் முகம் சுருங்கியது. "நெலம் கைய விட்டுப் போயிருமா?"

பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். அவர் வயிறு, அவர் வாழை. அவரே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரி, அந்த மூலையை விட்டுட்டு மத்ததை உழுகுறேன். வெரசா வரச் சொல்லுங்க. தாழிக்குள்ள இருக்கவக காத்திருப்பாக. ஜே.சி.பி. வாடகை காத்திருக்காது!"

பஸ் ஏறுமுன் கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டேன்.