உணர்வு வற்றிய பின்னும் கீழ்ப்படிதல்

விசுவாசம், கீழ்ப்படிதல் என்ற இரு சொற்களையும் ஞானோபதேச வகுப்பில் நாம் ஒரே மூச்சில் கற்றுக்கொண்டோம். முன்னது இருந்தால் பின்னது தானாகவே வந்து சேரும் என்றுதான் அன்று எண்ணினோம். வயது ஏற ஏற, இவை ஒரே வீட்டில் பிணக்குப்பட்டு வாழும் உடன்பிறப்புகள் போன்றவை என்பது புரிகின்றது. சிலவேளைகளில் நம்புகின்றோம், ஆனால் அந்த நம்பிக்கை கேட்பதைச் செய்ய மனம் ஒப்புவதில்லை. வேறு சிலவேளைகளில் செய்யவேண்டியதைச் செய்துகொண்டேயிருக்கின்றோம். உள்ளேயோ நம்பிக்கை வற்றிக் கிடக்கின்றது. இந்த இரண்டாவது நிலை பற்றியே இங்கு எழுத விரும்புகின்றேன். பிரசங்கங்களில் இதைப் பற்றிக் கேட்கக் கிடைப்பது அரிது.

பத்திரிகைத் தொழில் எதற்கும் ஆதாரம் கேட்கப் பழக்கும். பல்லாண்டுகள் அதில் உழன்றவன், கோவிலுக்குள் நுழையும்போது மட்டும் அந்தப் பழக்கத்தைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிட முடியாது. 1995 ஜூலை 9 இல் நவாலி புனித பேதுருவானவர் கோவிலில் அடைக்கலம் தேடியிருந்த மக்கள் மீது விமானக் குண்டுகள் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1999 நவம்பர் 20 இல் மடுத் திருத்தலத்தில் தஞ்சம் புகுந்திருந்தோர் எறிகணைகளுக்குப் பலியாகினர். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி கோவில்களிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. இவர்கள் அனைவரும் கடவுளைத் தேடி அவருடைய வீட்டுக்கே வந்தவர்கள்.

இத்தகைய செய்திகளுக்குப் பின்னான இரவுகளில் செபிக்க முயன்றிருக்கின்றேன். பதில் எதுவும் வந்ததில்லை. அந்த மௌனத்தை விடவும் என்னை வருத்தியது, கிறிஸ்து கற்பித்த செபத்தில் வரும் மன்னிப்பு பற்றிய பகுதி. நமக்குத் தீமை செய்தோரை மன்னிப்பதாக நாமே கடவுளிடம் சொல்லும் அந்த இடத்தில் நாக்குத் தயங்கும். மனதில் இல்லாததை வாயால் சொல்வது வெளிவேடம் ஆகாதா? பகைவருக்காக மன்றாடும்படி இடப்பட்ட கட்டளைக்கு, மன்னிக்கும் உணர்வே எழாதவன் எவ்வாறு கீழ்ப்படிவது?

இக்கேள்வியோடு இருந்த எனக்கு, 2007 இல் வெளிவந்த அன்னை தெரேசாவின் கடிதத் தொகுப்பு அதிர்ச்சியையும் ஆறுதலையும் ஒருசேரத் தந்தது. கடவுள் எதைக் கேட்டாலும் மறுப்பதில்லை என்று 1942 இல் அவர் தனிப்பட்ட முறையில் வாக்களித்திருந்தார். 1946 செப்டெம்பர் 10 இல் டார்ஜிலிங் நோக்கிய ரயில் பயணத்தில், ஏழைகளிலும் ஏழைகளுக்குப் பணிபுரியும் அழைப்பை உணர்ந்தார். 1948 இல் லொரேட்டோ மடத்தை விட்டு வெளியேறி, 1950 இல் கல்கத்தாவில் புதிய சபையை நிறுவினார். ஆனால் அந்தப் பணி தொடங்கிய காலத்திலிருந்தே இறைவனின் அருகாமை அவருக்கு உணர முடியாததாகிப் போயிற்று. இடையில் வந்த சிறிய இடைவெளி தவிர, 1997 இல் மரணிக்கும்வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்த இருள் நீடித்தது. இக்கடிதங்களை அழித்துவிடுமாறு அவர் ஆன்மிக வழிகாட்டிகளிடம் வேண்டியிருந்தார். அவர்கள் அழிக்காமல் காத்தமையாலேயே உலகம் இதை அறிந்தது.

புன்னகை பூத்த முகத்துக்குப் பின்னால் இவ்வளவு வெறுமையா, இது வெளிவேடமல்லவா என்று அன்று கேட்டவர்கள் இருந்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெளிவேடக்காரர் பக்தியைக் காட்டிச் செயலைத் தவிர்ப்பார். அன்னையோ பக்தியின் இனிமை கிடைக்காதபோதும் செயலைத் தவிர்க்கவில்லை. விடியற்காலையில் எழுந்தார், செபித்தார், தெருவோரத்தில் கிடந்தவர்களின் புண்களைக் கழுவினார். 1960களின் தொடக்கத்தில் ஜோசப் நொய்னர் என்ற இயேசுசபைக் குரு அவருக்குக் கூறிய ஆலோசனை முக்கியமானது: கடவுளுக்காக இவ்வளவு ஏங்குவதே, அவர் உள்ளே இருப்பதற்கான அடையாளம். தாகமே இல்லாதவன் தண்ணீரைத் தேடுவதில்லை அல்லவா?

மத்தேயு எழுதிய நற்செய்தியின் 21 ஆம் அதிகாரத்தில் இரு புதல்வர் உவமை உண்டு. தோட்டத்தில் வேலை செய்யத் தந்தை அழைத்தபோது, மூத்தவன் மறுத்துவிட்டுப் பின்னர் போனான். இளையவன் மரியாதையோடு சம்மதித்துவிட்டுப் போகவேயில்லை. போனவனே தந்தையின் விருப்பத்தை நிறைவேற்றியவன். அவன் மகிழ்ச்சியோடு போனானா, முணுமுணுத்துக்கொண்டு போனானா என்று உவமை சொல்லவில்லை. கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவும் துன்பக் கிண்ணம் அகலுமாறு முதலில் மன்றாடினார். பின்னரே தந்தையின் சித்தத்துக்குத் தம்மைக் கையளித்தார். கேள்வி கேட்பதும் கலங்குவதும் கீழ்ப்படியாமை ஆகாது.

மன்னிக்கும் கட்டளையையும் நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கின்றேன். அது நீதி கேட்பதைக் கைவிடச் சொல்லவில்லை. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி உள்ளிட்டோர் நட்டஈடு செலுத்தவேண்டும் என 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது, பாதிக்கப்பட்டோர் சோர்வின்றிக் கேட்டதனால்தான். நவாலியில் மாண்டோரின் உறவுகளுக்கு அத்தகைய ஒரு தீர்ப்பும் கிட்டவில்லை. அவர்களும் கேட்கவேண்டும்; நாமும் அவர்களோடு சேர்ந்து கேட்கவேண்டும். ஆனால் பழிவாங்கும் எண்ணத்துக்கு வீட்டில் இடம் கொடாதிருத்தல், பிள்ளைகளுக்கு வெறுப்பைச் சீதனமாகக் கொடாதிருத்தல், மறுபக்கத்துத் தாயின் கண்ணீரையும் கண்ணீராகவே எழுதுதல் ஆகியவை உணர்வு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத செயல்கள். இன்றே செய்யக்கூடியவை.

அன்பர்களே, உங்களில் சிலர் புலம்பெயர்ந்த நாடொன்றில், குளிர்காலக் காலைப்பூசையில், ஏன் இங்கு வந்து அமர்ந்திருக்கின்றோம் என்று தெரியாமலே அமர்ந்திருக்கக்கூடும். செபம் வெறும் சொல்லாகிவிட்டதே என்று வெட்கப்படவும் கூடும். வெட்கப்பட வேண்டாம். விசுவாசம் முற்றிலும் செத்துப்போயிருந்தால், நீங்கள் அந்தக் குளிரில் எழுந்து வந்திருக்கமாட்டீர்கள்.